கள்ளும் கஜானாவும் – 7: அரை ரூபாய்க் கணக்கு

போன கிழமை உங்களைச் சேலத்தில் விட்டுவிட்டு வந்தேன். மாவட்டம் முழுக்கக் கள்ளுக்கடைகளுக்குப் பூட்டு. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசி இறக்கினால் அது கருப்பநீர், பூசாவிட்டால் குற்றம். சுண்ணாம்பு பட்டால் புளிக்காது என்பது நம்ம காரைநகர்ப் பனையடியில் விளையாடும் பிள்ளைக்கும் தெரியும்.

கடையைப் பூட்டியாயிற்று. கல்லாப் பெட்டியை நிரப்புவது யார்?

சென்னை மாகாண வருமானத்தில் ஏறக்குறைய கால்வாசி கலாலில் இருந்து வந்தது. வாத்தியார் சம்பளம் எழுதும் பேனாவில் கள்தான் மை! முதலமைச்சர் ராஜாஜி. நிதி இலாகாவும் அவர் கையில். மூடச் சொன்னவரே பணமும் தேட வேண்டும். சித்தூர், கடப்பை, வட ஆற்காடு என்று மதுவிலக்கு பரவப் பரவ, பெட்டியில் ஓட்டை பெருத்தது.

எங்கே கை வைப்பது?

நிலவரியிலா? வாக்குப் போட்ட விவசாயி சும்மா விடமாட்டான். அவன் கடனைக் குறைக்க இப்போதுதான் சட்டம் போட்டிருக்கிறார். வருமான வரியிலா? அது டில்லிக்காரன் சொத்து.

மிஞ்சியது கடைத்தெரு.

கொழும்பில் கடை வைத்திருக்கும் காரைநகர் வாசகர்களே, இனி உங்கள் வயிற்றில்தான் புளி கரையும். 1939இல் சட்டசபைக்கு ஒரு மசோதா வந்தது. விற்பனை வரி. வருட விற்பனை பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே என்றால் ஒன்றுமில்லை. இருபதாயிரம் வரை மாதம் ஐந்து ரூபாய். அதற்கு மேலே, நூறு ரூபாய்க்கு அரை ரூபாய்.

அரை ரூபாய்தானே என்கிறீர்களா? வியாபாரிக்கு அரை ரூபாய் பெரிதல்ல. கணக்குப் புத்தகத்தைச் சர்க்கார் புரட்டிப் பார்க்கும் என்பதுதான் பெரிது.

வணிகர்கள் கொதித்தார்கள். காங்கிரசுக்கு நன்கொடை தந்த கைகளும் அதில் உண்டு.

ராஜாஜி அசையவில்லை.

ஏன்? பிடிவாதம் என்பார்கள். எனக்கு அவருடைய திருச்செங்கோட்டு ஆசிரமம்தான் நினைவுக்கு வருகிறது. மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ பத்திரிகை நடத்திய இடம் அது. வருமானம் போகிறதே என்று கடையைத் திரும்பத் திறந்தால், அத்தனை வருடம் எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். பத்துக் கோணத்தில் கணக்குப் போடத் தெரிந்த மனிதர், இந்த ஒரு கணக்கை மட்டும் மனதால் போட்டார்.

மசோதா நிறைவேறியது.

மூச்சு விட நேரமில்லை. ஐரோப்பாவில் யுத்தம் வெடித்தது. தங்களைக் கேளாமல் இந்தியாவை யுத்தத்தில் இழுத்ததற்காகக் காங்கிரஸ் மந்திரிசபைகள் பதவி விலகின. ஒக்டோபர் முடிவதற்குள் ராஜாஜியும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

இப்போது மாகாணம் ஆங்கிலேய ஆளுநர் கையில். மேசையில் இரண்டு சட்டங்கள் கிடக்கின்றன. ஒன்று கள்ளை நிறுத்தியது. மற்றது அந்த நட்டத்தை நிரப்பப் பிறந்தது.

ஒன்று தப்பியது. மற்றதின் கழுத்தில் கத்தி விழுந்தது. எது எதுவென்று, அடுத்த கிழமை தவறணை வாசலில் நின்று சொல்கிறேன்.