பல்லடைப்பு: சூடும் ஒளியும்

பற்சிதைவால் விழுந்த குழியைச் சுத்தம் செய்து, குழைவான பொருளொன்றை அதில் இட்டு, வாய்க்குள்ளேயே இறுகவைப்பது பல்லடைப்பு. இன்று அந்தப் பொருள் பெரும்பாலும் பிசினும் நுண்ணிய கண்ணாடித் தூளும் சேர்ந்த பசை. பல் வைத்தியர்கள் இதைக் கொம்போசிட் என்பர். இதை இறுகவைப்பது நீல ஒளி. பசையை வாயில் வைக்குமுன் சூடாக்கினால் என்ன ஆகும் என்ற ஆய்வு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேகம் பிடித்தது. இலங்கை மலையகத்தின் நிலைமை, அதிலும் பெரகலச் சந்தியில் பிரிந்து அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளைப் பக்கம் போகும் பாதையோரத் தோட்டங்களின் நிலைமை, கீழே தனியே தரப்படுகிறது.

உலோகக் காலம்

சீனாவின் 659ஆம் ஆண்டு மருந்து நூலொன்றில் வெள்ளிப் பசை பற்றிய குறிப்பு உண்டு. ஐரோப்பாவில் நெடுங்காலம் மெழுகு, ஈயத்தகடு, பொற்தகடு ஆகியவையே புழங்கின. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் பல் வைத்தியர்கள் டார்சே கலப்புலோகத்தைக் கையிலெடுத்தார்கள். பிஸ்மத், ஈயம், வெள்ளீயம் கலந்த இது ஏறத்தாழக் கொதிநீரின் வெப்பத்திலேயே உருகிவிடும். உருகியதை நேரே பற்குழிக்குள் ஊற்றினார்கள். நரம்பு உயிரோடிருந்த பல்லுடன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் பாடு சொல்லத் தரமன்று. 1818இல் லூயி ரெக்னார் அதில் பாதரசம் சேர்த்து உருகுநிலையைக் குறைத்தார். 1826இல் தாவோ என்பவர் வெள்ளியும் பாதரசமும் சேர்ந்த பசையைச் சூடில்லாமலே இறுகச் செய்தார். இங்கிலாந்தின் பெல் என்பவர் 1819இலேயே இதைச் செய்துவிட்டார் என்போரும் உள்ளனர். 1833இல் இந்த இரசக்கலவை அமெரிக்காவுக்குப் போனது. அங்கே பல் வைத்தியர் சங்கம் 1845இல் தன் உறுப்பினர்களிடம் இதைத் தொடமாட்டோம் என்று உறுதிமொழி வாங்கியது. சங்கம் 1856இல் கலைந்தது. இரசக்கலவை நிலைத்தது.

சூட்டால் இளகும் இன்னொரு பொருள் மலாயாக் காட்டு மரங்களின் பாலிலிருந்து வந்த கட்டாப்பேர்ச்சா. 1847 முதல் இதைச் சூடுகாட்டிக் குழைத்துக் குழிக்குள் அழுத்தினார்கள். இன்றும் பல்வேர்க் கால்வாய்களை அடைப்பது இதுவே.

பிசினின் வருகை

1940களில் அக்ரிலிக் பிசின்கள் வந்தன. இறுகும்போது சுருங்கி, பல்லின் ஓரத்தைவிட்டு விலகின. 1955இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டரில் மைக்கல் புவனகோர் 85 வீதப் பொஸ்போரிக் அமிலத்தை எனாமலில் 30 வினாடி தடவி, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, பிசினைப் பற்றவைத்தார். உலோகத்தில் வர்ணம் ஒட்டுவதற்காகத் தொழிற்சாலைகளில் செய்ததே இதற்குத் தூண்டுதல். 1962இல் ரஃபேல் போவன் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜி.எம்.ஏ. பிசின் குறைவாகச் சுருங்கியது. குவார்ட்ஸ் துகள்களைப் பிசினோடு பிணைக்கும் வழியையும் அவரே காட்டினார். ஆனாலும் இரண்டு பசைகளைக் குழைத்த கணத்திலிருந்து அது தானாக இறுகத் தொடங்கிவிடும். உருவம் கொடுக்க வைத்தியருக்குச் சில நிமிடமே கிடைத்தது. குழைக்கும்போது காற்றுக் குமிழிகளும் உள்ளே புகுந்தன.

ஒளி

வைத்தியர் வேண்டும்போது மட்டும் இறுகும் பொருள் தேவைப்பட்டது. 1970ஐ ஒட்டிப் புற ஊதா ஒளியால் இறுகும் பூச்சுகளும் அடைப்புகளும் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. 365 நனோமீற்றர் அளவிலான அந்த ஒளி பசைக்குள் ஆழமாக இறங்கவில்லை. விளக்கு சூடேறி நிலைபெறக் காத்திருக்க வேண்டும், கண்ணுக்கும் கேடு. புற ஊதா முறை நெடுங்காலம் தாக்குப்பிடிக்கவில்லை.

அடுத்த கட்டம் மென்செஸ்டரில் நடந்தது. பிரித்தானிய இரசாயன நிறுவனமான ஐ.சி.ஐ., கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியில் வேலை செய்யும் பிசினை உருவாக்கியிருந்தது. மென்செஸ்டரின் டேர்னர் பல் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த முகமது பஸ்யூனி 1976 பெப்ரவரி 24இல் அதை முதன்முறையாக ஒருவரின் பல்லில் வைத்தார். அந்த ஒருவர் ஐ.சி.ஐ.யின் ஜோன் யேர்ன். நிறுவனம் தன் பொருளைத் தன் ஆளின் வாயிலேயே சோதித்தது பாராட்டத்தக்கது. 1978இல் பஸ்யூனியும் கிராண்டும் பிரித்தானியப் பல் மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள்.

இந்தப் பிசினில் ஒளியை வாங்கும் பொருள் கம்ஃபர்குயினோன். இது கற்பூரத்தை ஒக்சிசனேற்றிப் பெறுவது. மஞ்சள் நிறம், நீல ஒளியை விழுங்கும், 468 நனோமீற்றர் அருகே மிக அதிகமாக விழுங்கும். விழுங்கியதும் பசையிலுள்ள ஓர் அமீனோடு சேர்ந்து தனியுறுப்புகளை எழுப்பும். அவை பிசின் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோக்கும். பசையின் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்தப் பொருள்தான் முழுவதையும் கல்லாக்குகிறது. இன்றைய கற்பூரத்தில் பெரும்பங்கு மரத்திலிருந்து வருவதல்ல, தேர்ப்பன்டைனிலிருந்து செய்யப்படுவது. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை மலைப்பகுதியிலும் கற்பூர மரத்தை நட்டுப் பார்த்தார்கள். தேயிலைக்கு முன் அது எடுபடவில்லை. மாரியம்மன் கோயில் தட்டில் எரிவதும் பல் அடைப்பில் வேலை செய்வதும் ஒரே குடும்பத்துச் சரக்கு என்பதைப் பாடநூல்கள் ஏனோ சொல்வதில்லை.

முதல் விளக்குகள் ஹலஜன் குமிழ் கொண்டவை. குமிழின் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்பட்டது. அதை வடிகட்டியும் விசிறியும் தடுத்தன. நீல ஒளி மட்டும் கண்ணாடி இழைக்குழல் வழியே பல்லுக்குப் போனது. பசை தடிமனானால் அடிப்பகுதி இறுகாது என்பதால், 2 மில்லிமீற்றர் படலமாக வைத்து, ஒவ்வொரு படலத்துக்கும் 20 முதல் 40 வினாடி ஒளி காட்டும் வழக்கம் வந்தது. ஆழத்தை அளக்கும் சர்வதேசத் தரமுறை எளிமையானது. அச்சில் பசையை இட்டு மேலிருந்து ஒளி காட்டுவார்கள். கீழே இறுகாமல் மிஞ்சியதைச் சுரண்டி எறிந்து, எஞ்சிய தண்டின் நீளத்தில் பாதியை இறுகிய ஆழமாகக் கொள்வார்கள்.

ஹலஜன் குமிழ் மெல்ல மெல்ல மங்கும். கண்ணுக்கு அது தெரியாது. ஒளிமானி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மங்கிய விளக்கில் அடைப்பின் மேற்பரப்பு இறுகிவிடும், உள்ளே பச்சையாகக் கிடக்கும். பல நாடுகளில் சிகிச்சை நிலையங்களின் விளக்குகளை அளந்து பார்த்தபோது போதிய வலுவில்லாதவை கணிசமாக இருந்தன. 1990களில் ஆர்கன் லேசரும் பிளாஸ்மா விளக்கும் வந்துபோயின. 1993இல் ஷுஜி நகமுரா பிரகாசமான நீல ஒளியுமிழ் டயோடை வெளியிட்டார். 1995இல் மில்ஸ் என்பவர் இதைப் பல் விளக்காக்கலாம் என்று எழுதினார். 1999இல் அவரும் கூட்டாளிகளும் சோதனை முடிவுகளைக் காட்டினார்கள். முதல் தலைமுறை டயோடு விளக்குகள் வலுவற்றவை. பின்வந்தவை ஹலஜனை ஓரங்கட்டின. மின்கலத்தில் ஓடுவது இவற்றின் பெரிய வசதி.

மலையகத்தில்

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்காக 1912இல் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டங்களில் டிஸ்பென்சரி வந்தது, பிள்ளைப்பேற்றுக்கு அறை வந்தது. பல்லுக்குப் பிடுங்கலைத் தாண்டி எதுவும் வர நெடுங்காலமாயிற்று. பல் மருத்துவக் கல்வி கொழும்பில் 1943இல் தொடங்கி 1954இல் பேராதனைக்கு மாறியது. பாடசாலைப் பிள்ளைகளுக்காக மகரகமவில் தாதியரைப் பயிற்றும் பணி 1950களில் நியூசிலாந்தின் உதவியோடு நடந்தது.

இந்தக் கட்டத்தில் மலையகத் தொழிலாளரின் வாயைப் பற்றி நுணுக்கமான பதிவு ஒன்று உண்டு. அது அடைப்பைப் பற்றியதன்று. நோர்வேயரான ஹெரல்ட் லோவும் குழுவினரும் 1970இல் டன்சினேன், ஹெரோ ஆகிய இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரைப் பரிசோதித்தார்கள். இவை மேலே சொன்ன பாதை ஓடும் ஊவாவில் அல்ல, மத்திய மாகாணத்தில் உள்ளவை. தொழிலாளரின் வயது 14 முதல் 31 வரை. ஒப்பீட்டுக்கு ஒஸ்லோவின் மாணவரும் கல்வியாளருமாக 565 பேர். தோட்டத்தவருக்குப் பல் சிகிச்சை என்ற ஒன்று கிடைத்ததே இல்லை. தூரிகையால் பல் துலக்கும் பழக்கம் இல்லை என்று ஆய்வு குறித்தது. கரியும் விரலும் கொண்டு தேய்ப்பதை அது எந்தக் கணக்கில் சேர்த்தது என்பது வேறு விஷயம். 1985 வரை திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். கடைசியில் மிஞ்சியவர் 161 பேர்.

முடிவு 1986இல் வெளியாயிற்று. 8 வீதத்தினருக்கு முரசு நோய் விரைந்து முற்றியது, 81 வீதத்தினருக்கு மிதமாக, 11 வீதத்தினருக்கு முற்றவேயில்லை. விரைந்து முற்றியவர்கள் 35 வயதில் 12 பற்களையும், 40இல் 20 பற்களையும் இழந்திருந்தார்கள். 45இல் ஒன்றும் மிச்சமில்லை. இங்கே குறிக்க வேண்டியது இன்னொன்று. இவர்களிடையே பற்சிதைவு ஏறத்தாழ இல்லவே இல்லை. பல் விழுந்ததெல்லாம் முரசால். மென்செஸ்டரில் நீல ஒளியைச் சோதித்த அதே ஆண்டுகளில், இந்த இரு தோட்டங்களிலும் அடைக்க ஒரு குழியும் இருக்கவில்லை எனலாம். இந்த முடிவை எல்லாத் தோட்டங்களுக்கும் விரிப்பது சரியா என்பதும், சிகிச்சை அளிக்காமல் 15 ஆண்டு பார்த்துக்கொண்டிருந்தது தகுமா என்பதும் விவாதத்துக்குரியவை. 2010இல் அவர்களில் 75 பேரைத் தேடிப் பிடித்து மறுபடி பரிசோதித்தார்கள்.

சீனியும் பிஸ்கட்டும் லயங்களுக்குள் பெருகியபின் பூச்சிப்பல்லும் பெருகியது. வலிக்குக் கிராம்பை அதக்குவது பழைய வழக்கம். பல் வைத்தியரின் தற்காலிக அடைப்பும் கிராம்பெண்ணெயிலுள்ள யூஜினோலும் துத்தநாக ஒக்சைட்டும் கலந்ததே. ஆனால் யூஜினோல் தனியுறுப்புகளைப் பிடித்துக்கொள்ளும். அது தங்கிய குழியில் ஒளியால் இறுகும் பிசின் சரியாக இறுகாது. அதனால் தற்காலிக அடைப்பை முழுக்க அகற்றிய பின்பே கொம்போசிட் வைக்கிறார்கள்.

மின்சாரமில்லாத இடங்களுக்கு வேறு வழி பிறந்தது. லண்டனில் வில்சனும் கென்ட்டும் 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட கண்ணாடி அயனோமர் ஒளியில்லாமலே இறுகி, பல்லோடு தானே ஒட்டும். 1980களின் நடுவில் தன்சானியாவில், கைக்கருவியால் மட்டும் சிதைவைச் சுரண்டிக் குழியை அடைக்கும் முறை உருவாயிற்று. பின்னாளில் அதில் கண்ணாடி அயனோமரே நிலைபெற்றது. உலகச் சுகாதார நிறுவனம் 1994இல் இந்த முறையை முன்வைத்தது.

சூட்டின் மறுவருகை

டார்சே காலத்துச் சூடு உருக்குவதற்காக. இன்றைய சூடு பசையை இளக்குவதற்காக. கொம்போசிட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது வழக்கம். எடுத்தவுடன் அது கெட்டியாக, கருவியோடு இழுபட்டு, குழியின் மூலைகளுக்குள் போகாமல் நிற்கும். அப்புத்தளை மாதிரியான குளிர்ந்த ஊரில், மூடுபனி விலகாத காலையில், அறை வெப்பத்துக்கு வந்தபின்னும் அது பெரிதாக இளகிவிடாது. பசையை 54 முதல் 68 பாகை செல்சியஸ் வரை சூடாக்கும் சிறு கருவிகள் இதற்காகவே சந்தைக்கு வந்தன. 1980களில் இன்னொரு வகைச் சூடு இருந்தது: வாய்க்கு வெளியே வார்த்த அடைப்பை நூறு பாகைக்கு மேல் அடுப்பில் வைத்து இறுகச்செய்து, பின் பல்லில் ஒட்டினார்கள்.

2005இல் டரோன்ச், ருகெபெர்க் குழுவினர் 3 முதல் 60 பாகை வரையான பசைகளை ஒப்பிட்டார்கள். சூடான பசையில் பிசினின் பெரும்பங்கு சங்கிலியாகக் கோக்கப்பட்டது, அதுவும் குறைந்த ஒளியிலேயே. மூலக்கூறுகள் எளிதில் நகர்ந்து ஒன்றையொன்று சந்திப்பதே காரணம். அதே குழு இன்னொன்றையும் கண்டது: கருவியிலிருந்து எடுத்த பசை இரண்டு நிமிடத்துக்குள் பாதிச் சூட்டை இழந்துவிடும். ஆய்வுகூடத்து நன்மையில் எவ்வளவு பல் வரை வந்துசேரும் என்பது வைத்தியரின் கைவேகத்தைப் பொறுத்தது.

சூடு பல்லின் உள்ளே உள்ள கூழைக் கெடுக்குமா என்ற அச்சம் பழையது. 1965இல் சாக், கோஹன் இருவரும் ரீசஸ் குரங்குகளின் பற்களைச் சூடாக்கினார்கள். கூழின் வெப்பம் 5.5 பாகை உயர்ந்தபோது 15 வீதமான பற்கள் மீளவில்லை, 11 பாகைக்கு 60 வீதம். 5.5 என்ற எண் அன்றிலிருந்து பாடநூல்களில் எல்லைக்கோடாயிற்று. 1997இல் இத்தாலியரான பல்டிஸ்ஸாராவும் கூட்டாளிகளும் மனிதப் பற்களில் சராசரி 11 பாகை உயர்த்தியும் கேடு காணவில்லை. அதனால் எல்லை எங்கே என்பது முடிவான கேள்வியன்று. எப்படியும் 60 பாகைப் பசையை வைத்தபோது கூழில் ஏறியது சுமார் 0.8 பாகை, விளக்கைக் காட்டியபோது ஏறியது சுமார் 5 பாகை. பழி பசைமேல் போடப்பட்டாலும் பெரிய சூடு விளக்கிலிருந்தே வருகிறது.

அந்த விளக்கின் சூட்டையே பயன்படுத்திக்கொள்ளும் முயற்சியும் உண்டு. வழமையான கண்ணாடி அயனோமரில் ஒளியை வாங்கும் பொருள் எதுவும் இல்லை. ஆயினும் வலுவான டயோடு விளக்கை அதன்மேல் பிடித்தால் அது விரைந்து இறுகுகிறது. குரோசியாவின் சாக்ரெப் ஆய்வாளர் உட்படப் பலர் இதைச் சோதித்து, தொடக்க வலு கூடுவதாக எழுதியுள்ளனர். வாயில் அடைப்பு அதனால் நீடிக்குமா என்பதற்குச் சான்று போதாது. சூடாக்கிய கொம்போசிட் பற்றிய ஒப்பீடுகளும் குறுகிய காலத்தவை. அவற்றில் பெரிய வேறுபாடு வெளிப்படவில்லை.

அண்மைக்காலம்

4 மில்லிமீற்றர் வரை ஒரே தடவையில் வைக்கத்தக்க பசைகள் வந்துள்ளன. சூடாக்கியே இடவேண்டியவையும் அவற்றில் உண்டு. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. 2022இல் அதன் உறுப்பு நாடுகள் 15 வயதுக்குட்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இரசக்கலவையைத் தவிர்க்க இணங்கின. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் அதைப் பொதுவாக நிறுத்தியது. ஆனால் ஒளியால் இறுகும் பசைக்கு மின்சாரம் வேண்டும்; இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மின்கல விளக்கு இருந்தாலும் குழி தோண்டும் கருவிக்கும் காற்றமுக்கிக்கும் மின்சாரம் வேண்டும்.