ஹெர்குலிஸ் எந்த ஊர்ப் பிள்ளை?

எங்கள் அடையாறு காந்தி நகர்ப் பக்கம் பழைய வீடுகளை இடிக்கும்போது, மாடிப்படிக்கு அடியிலிருந்து கனத்த ஹெர்குலிஸ் சைக்கிள் ஏதாவது வெளியே வருவதுண்டு. "தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் வாங்கியது, அசல் சீமை வண்டி" என்பார்கள் வீட்டார். பழைய இரும்புக்காரர் தராசில் ஏற்றுவதற்குள் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்.

ஹெர்குலிஸ் 1910-ல் பர்மிங்ஹாமில் பிறந்த கம்பெனி. 1946-ல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் அதை வாங்கியது. அவர்களும் நம் முருகப்பா குழுமமும் சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கினார்கள். 1951 முதல் அம்பத்தூரிலேயே ஹெர்குலிஸ் தயாரானது. ஆகவே ஹாண்டில்பாருக்குக் கீழே, முன்பக்கச் சின்னத்தில் என்ன ஊர் என்று படியுங்கள். இந்தியா என்றிருந்தால் வண்டி வெள்ளைக்காரன் காலத்தது அல்ல.

சீட், டயர், செயின், பெடல் எதையும் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம். எத்தனையோ தடவை மாறியிருக்கும். ராலே போன்ற வண்டிகளில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் அதிர்ஷ்டம். ஆண்டும் மாதமும் அதிலேயே பொறித்திருக்கும்: 54, 8 என்றால் 1954 ஆகஸ்ட். ஆனால் அது ஹப்பின் வயது. பின்சக்கரம் மாறியிருந்தால் வண்டியின் வயது வேறு. சைக்கிள் வரி கட்டிய வில்லை கிடைத்தால், அந்த வருஷம் வண்டி ஓடியது என்று மட்டும் தெரியும்.

அம்பத்தூர் என்றதும் சில வீடுகளில் முகம் சுண்டிப்போகிறது. எனக்கு மதிப்பு கூடுகிறது. சீமையிலிருந்து கப்பலில் வந்த வண்டியை, சுதந்திரம் கிடைத்த நாலாம் வருஷமே நம் ஊர்க் கைகள் செய்துவிட்டன. எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.