பெட்ரோல் மாதிரி ஹெலிகாப்டரும் துல்லிய வான்சாகசப் போட்டியும்

பெட்ரோல் மாதிரி ஹெலிகாப்டர் என்பது ஸ்பார்க் பிளக் கொண்ட சிறிய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினால் இயங்கும் பறக்கும் பொறி. தரையில் நிற்பவர் அதை ரேடியோ கருவியால் ஓட்டுகிறார். துல்லிய வான்சாகசப் போட்டியில் இப்பொறி முன்பே வகுத்த வரிசைப்படி ஒரே இடத்தில் மிதத்தல், சுழலுதல், கரணம், உருளல், எஞ்சின் விசையின்றி இறங்குதல் ஆகியவற்றைச் செய்துகாட்ட வேண்டும். வடிவம் பிசகாமை, சீரான வேகம், இடம் தவறாமை ஆகிய மூன்றையும் கொண்டே மதிப்பெண் இடப்படுகிறது. இப்போட்டிக்கான பன்னாட்டு வகுப்பு எஃப்3சி. 1905-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் மாதிரி விமானப் பிரிவு இதன் விதிகளை வகுக்கிறது. இசைக்கேற்பக் கட்டற்றுப் பறக்கும் எஃப்3என் இதிலிருந்து வேறான வகுப்பு.

வரலாறு

ரேடியோவால் ஓட்டும் மாதிரி ஹெலிகாப்டரை நம்பத்தக்க நிலைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர். 1960களின் இறுதியில் அவர் செய்த முயற்சிகளுக்குப் பிறகே இப்பொறி பொழுதுபோக்காளர் கைக்கு எட்டியது. தொடக்ககாலப் பொறிகளில் மெயின் ரோட்டாருக்குக் குறுக்கே ஒரு நிலைப்படுத்தும் தண்டு இருந்தது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் மின்னணு ஜைரோக்கள் அதன் இடத்தைப் பிடித்தன.

எஃப்3சி களத்தில் நெடுங்காலம் ஆண்டது மெத்தனாலில் ஓடும் குளோ எஞ்சின். லித்தியம் பாலிமர் மின்கலம் வளர்ந்த பிறகு மின்மோட்டார் முன்னுக்கு வந்தது. பெட்ரோல் வகை எப்போதும் சிறுபான்மையே. ஆனால் நீண்ட நேரப் பயிற்சியிலும் பணிக்கான பறப்பிலும் அது உறுதியாகக் காலூன்றியது. ஜப்பானின் யமஹா நிறுவனம் 1987-இல் உருவாக்கிய ஆர்-50, 1997-இல் கொண்டுவந்த ஆர்மேக்ஸ் ஆகிய மருந்து தெளிக்கும் ஆளில்லா ஹெலிகாப்டர்கள் பெட்ரோல் எஞ்சின் கொண்டவை. பொழுதுபோக்குத் துறையில் பெர்கன், செஞ்சுரி, மினியேச்சர் ஏர்கிராஃப்ட் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் பெட்ரோல் மாதிரிகளை விற்றன. அவற்றில் பெரும்பாலும் ஜப்பானின் ஜெனோவா எஞ்சின் பொருத்தப்பட்டது.

எஞ்சினும் எரிபொருளும்

ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 44 மெகாஜூல் ஆற்றல் உண்டு. மெத்தனாலில் 20 மெகாஜூல் அளவே. ஆனால் ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். ஆகவே ஒரே அளவு காற்றை உள்ளிழுக்கும் சிலிண்டரில் மெத்தனாலை இரண்டு மடங்குக்கு மேல் எரிக்கலாம். அது ஆவியாகும்போது எஞ்சினையும் நன்கு குளிர்விக்கிறது. இதனால் 15 சிசி குளோ எஞ்சின் தரும் ஆற்றலைப் பெற, பெட்ரோலில் 23 முதல் 26 சிசி வரையான எஞ்சின் தேவைப்படுகிறது. எஞ்சினின் எடை கூடுகிறது; அதிர்வும் கூடுகிறது. மறுபக்கம், எரிபொருள் செலவு வெகுவாகக் குறைகிறது. ஒருமுறை தொட்டி நிரப்பினால் குளோ பொறியைவிட நெடுநேரம் பறக்கலாம். புகைக்குழாயிலிருந்து வழியும் எண்ணெயும் குறைவு.

இவ்வகை எஞ்சின்களின் மூலம் புல்வெட்டும் மெஷினும் மரம் அறுக்கும் ரம்பமும் ஆகும். அவற்றில் உள்ள டயாஃப்ரம் கார்புரேட்டர் தானே பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். பொறி தலைகீழாக நின்றாலும் எரிபொருள் ஓட்டம் அறுவதில்லை. வான்சாகசத்துக்கு இது பெரிய நன்மை. குளோ எஞ்சினுக்குப் பயன்படும் சிலிக்கான் குழாய் பெட்ரோலில் ஊதிக் கெட்டுப்போகும். எனவே பெட்ரோலைத் தாங்கும் குழாயே பொருத்த வேண்டும்.

ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி மூட்டும் அமைப்பு எழுப்பும் ரேடியோ இரைச்சல், பழைய ரேடியோ கருவிகளைத் தடுமாறச் செய்தது. 2005க்குப் பின் பரவிய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் இத்தொல்லையைப் பெரிதும் குறைத்தன. ஆயினும் ரிசீவரை ஸ்பார்க் பிளக் வயரிலிருந்து தள்ளிவைப்பது இன்றும் கட்டாயம்.

போட்டியின் அமைப்பு

களத்தின் நடுவில் 1 மீட்டர், 3 மீட்டர் விட்டமுள்ள இரு வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக வரையப்படும். அதைச் சுற்றி 10 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் மூலைகளில் கொடிகள் நிற்கும். மிதப்புப் பகுதியில் பொறி இக்கொடிகளுக்கிடையே மெல்ல நகர்ந்து, குறித்த இடங்களில் நின்று, தன்னைத்தானே சுற்றித் திரும்ப வேண்டும். எளிதாகத் தோன்றும் இப்பகுதியே தேர்ந்தவரையும் மற்றவரையும் பிரித்துக் காட்டுகிறது. சிறிய அசைவும் நடுவர் கண்ணுக்கு அப்போதே புலப்பட்டுவிடும்.

அடுத்து வருவது வேகப் பறப்பு. கரணம், உருளல், செங்குத்தாக ஏறி உச்சியில் திரும்பும் ஸ்டால் டர்ன், படுத்த எட்டு வடிவம் போன்றவை இதில் அடங்கும். ஒவ்வொன்றும் ஓட்டுபவருக்கு நேரெதிரே நடுக்கோட்டைச் சமச்சீராகக் கொண்டு அமைய வேண்டும். நடுவர்கள் ஒவ்வொரு சாகசத்துக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுவர்.

இறுதியில் வருவது ஆட்டோரொட்டேஷன். எஞ்சின் விசையை நிறுத்திவிட்டு, கீழிருந்து மேலெழும் காற்றோட்டத்தால் சுழலும் இறகுகளின் வலிமையைக் கொண்டே வட்டத்துக்குள் இறங்குவது இது. மெயின் ரோட்டார் அச்சில் உள்ள ஒருவழி பேரிங், நின்றுபோன எஞ்சினிலிருந்து ரோட்டாரை விடுவிக்கிறது. தரையை நெருங்கும்போது இறகுகளின் சாய்கோணமான பிட்சைக் கூட்டி, இறகுகளில் சேர்ந்த ஆற்றலைச் செலவிட்டு இறக்கத்தைத் தணிக்க வேண்டும். அந்த ஆற்றல் ஒரே முறைக்குத்தான் போதும்.

பெட்ரோல் பொறியைப் போட்டிக்கு ஆயத்தப்படுத்துதல்

பெட்ரோல் எஞ்சின் திராட்டிலுக்குச் சற்றுத் தாமதமாகவே செவிசாய்க்கும். திடீர்த் திருப்பங்கள் நிறைந்த எஃப்3என் வகுப்பில் இது பெருங்குறை. எஃப்3சியில் அசைவுகள் நிதானமானவை. ஆதலால் குறையைச் சமாளிக்கலாம். ரோட்டாரின் சுழற்சியை மாறாமல் வைத்திருக்கும் கவர்னர் கருவி இதற்குத் துணை நிற்கிறது. பெரிய ஃபிளைவீலின் சுழல் நிறை, மிதப்பில் சீரான ஓட்டத்தைத் தருகிறது.

எடைதான் கடுமையான சிக்கல். வகுப்பு விதிகள் எடைக்கும் ரோட்டார் பரப்புக்கும் உச்சவரம்பு வைத்துள்ளன. கனமான எஞ்சின் வைத்த பிறகு மற்ற உறுப்புகளில் கிராம் கிராமாகக் குறைக்க வேண்டியிருக்கிறது. கார்புரேட்டரின் இரு ஊசிகளையும் திருத்துவதிலும் பொறுமை வேண்டும். கலவையில் பெட்ரோல் குறைந்தால், முன்னோக்கிய காற்று படாத மிதப்பு நிலையில் எஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். குளிர்விக்கும் விசிறியின் உறை சரியாக மூடியிருக்கிறதா என்பதை ஒவ்வொரு பறப்புக்கும் முன் பார்க்க வேண்டும்.

தென் திருவிதாங்கூர் எல்லையில்

கேரளத்தின் நெய்யாற்றின்கரை, பாறசாலை, குன்னத்துகால் பகுதியும் அடுத்துள்ள தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டமும் பெட்ரோல் வகைக்கு இயல்பாகப் பொருந்தும் சூழல் கொண்டவை. முதற்காரணம் எரிபொருள். மெத்தனால் கலந்த சாராயத்தால் உயிர்கள் பலியான நிகழ்வுகளை இரு மாநிலங்களும் கண்டுள்ளன. கேரளத்தில் 2000-இல் கல்லுவாதுக்கல்லும், தமிழ்நாட்டில் 2024-இல் கள்ளக்குறிச்சியும் ஆறாத துயரங்கள். ஆகவே குளோ எஞ்சினுக்கு வேண்டிய மெத்தனாலின் விற்பனையும் இருப்பும் கட்டுப்பாட்டுக்குள் இருப்பது இன்றியமையாதது. மாறாக, பெட்ரோலும் அதில் கலக்கும் 2டி ஆயிலும் எந்தப் பெட்ரோல் பங்க்கிலும் கிடைக்கும். இரண்டாவது காரணம் கைத்திறன். இங்குள்ள ரப்பர் தோட்டங்களில் புல்வெட்டும் மெஷினும் மர ரம்பமும் அன்றாடக் கருவிகள். அவற்றின் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்த மெக்கானிக் மாதிரி ஹெலிகாப்டர் எஞ்சினையும் புரிந்துகொள்வார்.

இடையூறுகளும் உண்டு. பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய டயாஃப்ரம்களைக் கெடுக்கும். ஈரக்காற்று மிகுந்த இப்பகுதியில் தொட்டியில் பெட்ரோலை விட்டுவைக்காமல் வடித்துவிடுவது நல்லது. இடம் கிடைப்பது அதைவிட அரிது. ஓட்டுபவரிலிருந்து 100 மீட்டர் தொலைவில், பக்கத்துக்கு 60 பாகை விரியும் பறப்பு வெளிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் அகலம் வேண்டும். மேடும் பள்ளமும் ரப்பரும் தென்னையும் நிறைந்த விளைகளில் அது கிடைப்பதில்லை. அறுவடை முடிந்த ஏலாக்களோ (வயல்வெளிகளோ) வறண்ட குளப்படுகைகளோதான் வழி. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் இங்கே பெய்வதால் ஜனவரி முதல் மார்ச் வரையான காலைப்பொழுதே பயிற்சிக்கு உகந்தது. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கினால், தென்மேற்குப் பருவத்தில் காற்று மிகப் பலமாக வீசும்.

சட்டமும் பாதுகாப்பும்

இந்தியாவில் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் இப்பொறிகளுக்கும் பொருந்தும். பொழுதுபோக்குக்கும் கல்விக்கும் கண்பார்வைக்குள் பறக்கவிடும் 25 கிலோ வரையான மாதிரிகளுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையான வளையத்தில் 200 அடியே வரம்பு. குன்னத்துகால் திருவனந்தபுரம் விமான நிலையத்தின் அந்த வளையத்துக்கு வெளியே உள்ளது. ஆயினும் மண்டலங்கள் மாறக்கூடும். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்த பிறகே பொறியைக் கிளப்ப வேண்டும். 2022 பிப்ரவரி முதல் முழுமையான ட்ரோன்களின் இறக்குமதி பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. உதிரிபாகங்களுக்கு அத்தடை இல்லை. பன்னாட்டுக் கூட்டமைப்பில் இந்தியாவின் உறுப்பு அமைப்பு ஏரோ கிளப் ஆஃப் இந்தியா.

1.5 மீட்டர் விட்டமுள்ள ரோட்டார் நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும்போது இறகு நுனி மணிக்கு 420 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வெட்டிச் செல்கிறது. உலோக இறகுகளை விதிகள் தடைசெய்வது இதனால்தான். எஞ்சினைக் கிளப்பும்போது ரோட்டார் தலையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். பார்வையாளர் ஓட்டுபவருக்குப் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.