குச்சிப்பூச்சியின் இனம் கண்ட வரலாறு

திருக்குர்ஆனின் அத்தியாயங்களுள் மூன்று, தேனீ, எறும்பு, சிலந்தி என்னும் சிற்றுயிர்களின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. அவ்வேதத்தை ஓதி வளர்ந்த அறிஞர்கள் புழுபூச்சிகளையும் ஆய்வுக்குரியனவாகக் கருதியதில் வியப்பில்லை. ஹிஜ்ரி 255இல் (கி.பி. 868-69) மறைந்த பஸ்ரா நகரத்து அல்ஜாஹிஸ், தம் ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் பெருநூலில் உயிரினங்களை நடப்பன, பறப்பன, நீந்துவன, ஊர்வன என நான்காகப் பகுத்தார். பகுத்ததோடு நில்லாமல், சிறகால் பறப்பன யாவும் பறவைகள் ஆகா என்றும் தெளிவுபடுத்தினார். ஈயும் குளவியும் வெட்டுக்கிளியும் பறக்கின்றன. அவற்றைப் பறவை என்பார் இல்லை. புறத்தே தெரியும் ஒற்றுமை ஒன்றை மட்டும் கொண்டு இனத்தை முடிவு செய்யலாகாது என்பதே இதில் நாம் பெறும் பாடம். இப்பாடத்தைப் பிற்கால விலங்கியலார்க்கு மீண்டும் மீண்டும் கற்பித்த உயிர்களுள் ஒன்று, வெப்பமண்டலக் காடுகளில் வாழும் குச்சிப்பூச்சி.

மெகல்லனின் கப்பல்கள் 1521இல், அவர் மறைவுக்குப் பின், முஸ்லிம் சுல்தானகமான புரூணையை அடைந்தன. அங்கிருந்து புறப்பட்டபின், கப்பல்களைச் செப்பனிடுவதற்காகப் போர்னியோவின் வடமுனைக்கு அப்பால் ஒரு தீவில் தங்கினர். உடன் சென்ற இத்தாலியரான பிகாஃபெட்டா, அங்கே உதிர்ந்தபின் உயிர்பெற்று நடக்கும் இலைகளைக் கண்டதாக எழுதி வைத்தார். அவற்றுள் ஒன்றை ஒன்பது நாள் பெட்டியில் வைத்திருந்தார். திறந்தபோதெல்லாம் அது பெட்டிக்குள் சுற்றி நடந்தது. அது காற்றை உண்டே வாழ்கிறது என்று அவர் எண்ணினார். அவர் கண்டது குச்சிப்பூச்சியின் இனத்தைச் சேர்ந்த இலைப்பூச்சி என்பது இன்றைய அறிஞர் கருத்து. அவர் கண்ணால் கண்டது உண்மை, முடிவுதான் பிழை.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின், 1758இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் இவற்றைப் பூச்சிகள் என்றே அறிந்திருந்தார். எனினும் இலைப்பூச்சியையும் பெரிய குச்சிப்பூச்சி ஒன்றையும் கும்பிடு பூச்சிகளோடு சேர்த்து ஒரே பிரிவில் வைத்தார். நீண்ட உடலும் மெலிந்த கால்களும் இம்மயக்கத்துக்கு இடமளித்தன.

உடலுறுப்புகளை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பூச்சியின் மார்பு மூன்று கண்டங்களால் ஆனது. கும்பிடு பூச்சியில் முதற்கண்டமே நீண்டிருக்கும். குச்சிப்பூச்சியில் அது குறுகி, இரண்டாம், மூன்றாம் கண்டங்களே பெரிதும் நீள்கின்றன. முன்னதன் முன்னங்கால்கள் இரையைப் பற்றும் முட்கரங்கள். பின்னதன் முன்னங்கால்களோ, முன்னோக்கி நீட்டும்போது தலைக்கு இடம்விடும்படி தொடையின் அடியில் வளைந்தவை. அவ்வாறு நீட்டியதும் தலை மறைந்து உடல் முழுதும் ஒரே குச்சியாகிறது. கும்பிடு பூச்சி ஊன் உண்பது. இது தழை உண்பது. முதல் மார்புக் கண்டத்தில் தற்காப்பு நீரைச் சுரக்கும் இரு சுரப்பிகள் அமைந்திருப்பது இவ்வினத்தின் சிறப்பு அடையாளம்.

இவ்வேறுபாடுகள் துலங்கத் துலங்கப் பெயர்களும் மாறின. 1796இல் லிக்டென்ஸ்டைன் ‘ஃபாஸ்மா’ என்னும் தனிப் பேரினத்தை அமைத்தார். மாயத்தோற்றம் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். 1835இல் கிரேயும் 1859இல் வெஸ்ட்வுட்டும் இவற்றுக்கெனத் தனிநூல்கள் வெளியிட்டனர். அக்காலத்தில் போர்னியோவில் உயிரினங்களைத் திரட்டிய வாலஸ் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். தயாக்கு இனத்தவர் ஒருவர் ஒரு குச்சிப்பூச்சியைக் கொணர்ந்து, உயிரோடு இருக்கும்போதே இதன்மேல் பாசி படர்ந்துள்ளது என்று உறுதிபடக் கூறினார். மிக நுணுகி ஆராய்ந்த பின்னரே, அது பாசியன்று, பூச்சியின் உடலிலேயே அமைந்த இலைபோன்ற புடைப்புகள் என்று வாலஸ் தெளிந்தார். காட்டில் பிறந்தவர், கற்றவர் இருவரையும் அப்படைப்பு மயக்கியது.

1906 முதல் 1908 வரை ப்ரன்னரும் ரெட்டன்பாக்கரும் வெளியிட்ட பெருநூல், கீழ்க்காலின் நுனியில் முக்கோணப் பள்ளம் உண்டா இல்லையா என்பதைக் கொண்டு இவ்வினத்தை இரு பெரும் பிரிவுகளாக்கியது. முட்டைகளும் வகைப்பாட்டுக்குத் துணைநின்றன. விதையை ஒத்த அம்முட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி உண்டு. சில இனங்களின் மூடிமேல் சிறு குமிழும் இருக்கும். எறும்புகள் முட்டையைப் புற்றுக்குள் இழுத்துச் சென்று அக்குமிழை மட்டும் உண்ண, முட்டை அங்கே காப்புப் பெறுகிறது.

இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. 2008இல் பெயரிடப்பட்ட போர்னியோ இனம் ஒன்று, நீட்டிய கால்களோடு 56.7 சென்டிமீட்டர் நீண்டு, அப்போது அறியப்பட்ட பூச்சிகளுள் மிக நீளமானதாக விளங்கியது. ஆயினும் மரபணு ஆய்வுகள் பழைய பிரிவுகள் பலவற்றைக் கலைத்துவிட்டன. உருவ ஒற்றுமை கருதி ஒன்றாக வைக்கப்பட்ட பலவும் நெருங்கிய உறவினவல்ல என்றும், ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நிலப்பகுதிகளின் இனங்களுள் பெரும்பாலானவை ஒரு கிளை, அமெரிக்க இனங்களுள் பெரும்பாலானவை மற்றொரு கிளை என்றும் 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. வட அமெரிக்காவின் ‘டிமீமா’ குச்சியைப் போலவே இல்லாத குட்டைப் பூச்சி. அதுவோ இவ்வினத்தின் உறவு. குச்சிப்பூச்சிகளுக்கு மிக நெருங்கியதாக இன்று பெரிதும் கருதப்படுவதும் கும்பிடு பூச்சியன்று. முன்னங்காலால் பட்டிழை நூற்கும் எம்பியா என்னும் எளிய பூச்சி.

இவ்வரலாற்றில் பிழைபட்ட எவரையும் நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. அவரவர் காலத்தில் கண்டதை நேர்மையாகப் பதிந்தமையால்தான் பின்வந்தோர் திருத்த முடிந்தது. ‘நமக்குத் தெரிந்துவிட்டது’ என்று ஆய்வை நிறுத்தியிருந்தால் இலைப்பூச்சி இன்றும் காற்றை உண்டு கொண்டிருக்கும். அல்ஜாஹிஸின் மரபுக்கு உரிமை கோரும் நாம், அவர் பெயரைப் போற்றுவதோடு அமையாமல், படைப்பின் ஒவ்வொரு சிற்றுயிரையும் பொறுமையோடு ஆராயும் அவர்தம் பழக்கத்தையும் மீட்டெடுத்தல் வேண்டும். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.