பாலத்தின் அடியில் ஒரு தீவு

அந்தத் தீவை முதல்முறை கடந்தபோது நான் அதைக் கவனிக்கவே இல்லை. காரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் நண்பன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 101ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே 450 கிலோமீட்டர் வந்திருந்தோம். யுரேகா நகரத்தில் 255ஆம் எண் சாலைக்குத் திரும்பி, ஹம்போல்ட் விரிகுடாவின் மேல் போகும் பாலத்தில் ஏறினோம். பாலம் வழியில் இரண்டு தீவுகளைத் தொட்டுக்கொண்டு போகிறது. கீழே சேறும் புல்லும் வெள்ளைக் கொக்குகளும். மறுகரையில் இறங்கி இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஆர்கேட்டா.

நாங்கள் வந்தது மரம் பார்க்க. கடலோர ரெட்வுட் மரங்கள் உலகிலேயே உயரமானவை. அவற்றில் நூறு மீட்டரைத் தாண்டியவையும் உண்டு. ஆர்கேட்டாவில் தங்கினால் காடு பக்கம், அறை வாடகையும் பரவாயில்லை என்று நண்பன் கணக்குப் போட்டிருந்தான். அது ஒரு சின்ன கல்லூரி ஊர். 1913ல் ஆசிரியர் பயிற்சிக்காகத் தொடங்கிய கல்லூரி இன்று பல்கலைக்கழகமாகி, ஊருக்குக் கிழக்கே மேட்டில் காட்டை ஒட்டி நிற்கிறது. கிட்டார் வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள், பழைய புத்தகக் கடை, எப்போதும் தலைக்கு மேல் ஒரு மூடுபனி. இந்த மரங்களுக்குக் கிடைக்கும் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்தப் பனிதான் தருகிறது.

மறுநாள் காலை காபியோடு ஊர்ச் சதுக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான்கு பக்கமும் கடைகள், நடுவில் புல்வெளி, எல்லாப் பாதைகளும் மையத்தை நோக்கிப் போகின்றன. ஆனால் அந்த மையத்தில் ஏதோ குறைவதுபோல் இருந்தது. பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவரிடம் கேட்டேன். “அங்க ஒரு பிரசிடெண்ட் நின்னுட்டிருந்தார். அனுப்பிட்டோம்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எனக்கு அது போதும். ஒரு பிழையைத் துரத்த ஆரம்பித்தால் அதன் வேர் வரை போகாமல் தூக்கம் வராது. இது வேலையில் ஒட்டிக்கொண்ட வியாதி. நண்பன் காட்டுக்குக் கிளம்ப நின்றான். நான் போனில் ஊரின் வரலாற்றைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிரசிடெண்ட் வில்லியம் மெக்கின்லி. 1901ல் சுட்டுக் கொல்லப்பட்டவர். ஆர்கேட்டாவைச் சேர்ந்த ஒரு விவசாயி தன் சொந்தப் பணத்தில் அவருக்கு வெண்கலச் சிலை செய்யச் சொன்னார். 1906ல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் தப்பிய சிலை, அதே ஆண்டு ஜூலை 4ஆம் தேதி இங்கே நிறுத்தப்பட்டது. ஹவாயையும் பிலிப்பைன்ஸையும் அமெரிக்கா கைப்பற்றியது இவர் காலத்தில்தான். பூர்வகுடிகளின் கூட்டு நிலங்களையும் அவர்களுடைய நீதிமன்றங்களையும் கலைத்த 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் இவரே. 2018ல் நகர மன்றம் சிலையை எடுக்க முடிவு செய்தது. வேண்டாம், இருக்கட்டும் என்றவர்கள் விஷயத்தைத் தேர்தல் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள், தோற்றார்கள். 2019 பிப்ரவரியில் மெக்கின்லி இறங்கினார். ஒஹாயோவில் அவர் வாழ்ந்த கேன்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

சதுக்கத்தின் ஓரத்தில் 1857ல் கட்டிய ஒரு கல் கிடங்கு இன்றும் இருக்கிறது. அதன் நினைவுப் பலகையையும் அதே முடிவில் சேர்த்தே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ‘இந்தியர் தொல்லை’ நடந்த காலத்தில் மக்களுக்கு அடைக்கலம் தந்த கட்டடம் என்று அதில் எழுதியிருந்ததாம். அந்த வார்த்தையில்தான் நான் மாட்டிக்கொண்டேன். யார் யாருக்குக் கொடுத்த தொல்லை?

இந்த ஊர் பிறந்தது தங்கத்தால். 1849 டிசம்பரில் உள்நாட்டு மலைகளிலிருந்து தங்கம் தேடுவோரின் ஒரு குழு தட்டுத்தடுமாறி இந்த விரிகுடாவை வந்தடைந்தது. 1850ல் யூனியன் என்ற பெயரில் ஊர் எழுந்தது. கப்பலில் வரும் மாவும் கோடரியும் இங்கே கோவேறு கழுதைகளின் முதுகில் ஏறி டிரினிட்டி மலைச் சுரங்கங்களுக்குப் போயின. ஆனால் இது காலி இடமல்ல. வியாட் மக்கள் விரிகுடாவைச் சுற்றி வாழ்ந்துவந்தார்கள். இந்த இடத்துக்கு அவர்கள் மொழியில் கௌடினி என்று பெயர். காட்டுக்குள் இருக்கும் இடம் என்பது போன்ற பொருள். 1850ல் ஏறக்குறைய 2000 பேர் இருந்தார்கள் என்றும், பத்தே ஆண்டுகளில் அது சுமார் 200 ஆனது என்றும் கணக்கிடுகிறார்கள்.

அந்தப் பத்து ஆண்டுகளில் கலிபோர்னியாவில் நடந்தவற்றுக்குச் சட்டத்தின் துணை இருந்தது. 1850ஆம் ஆண்டின் ஒரு சட்டம் பூர்வகுடிகளைக் கட்டாய வேலையில் பிணைக்க வழிசெய்தது. அதற்குப் பெயர் ‘பாதுகாப்பு’ச் சட்டம். வெள்ளையர் ஒருவரை அவர்களுடைய சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்றும் அதில் இருந்தது. 1851ல் மாநிலத்தின் முதல் ஆளுநர், இந்த இனம் அற்றுப்போகும்வரை போர் தொடரும் என்று சட்டமன்றத்திலேயே சொன்னார். தாக்குதலுக்குப் போன தன்னார்வப் படைகளின் செலவை மாநில அரசு ஏற்றுக்கொண்டது.

துலுவாட் விரிகுடாவின் நடுவில் இருக்கும் தீவு. தலைமுறை தலைமுறையாகத் தின்ற சிப்பியும் மட்டியும் சேர்ந்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்த கிளிஞ்சல் மேடு ஒன்று அங்கே உண்டு. வியாட் மக்களுக்கு உலகத்தின் மையம் அது. ஆண்டுதோறும் அங்கே கூடி, உலகத்தைப் புதுப்பிக்கும் நடனத்தைப் பல நாள் ஆடுவார்கள். 1860 பிப்ரவரி 26, விடிவதற்கு முன். ஆண்களில் பலர் பொருட்கள் கொண்டுவர வெளியே போயிருந்தார்கள். படகில் வந்த வெள்ளையர் கும்பல், தூங்கிக்கொண்டிருந்த பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் வெட்டிக் கொன்றது. கரையில் யுரேகாவுக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்று பெரும்பாலும் கோடரியும் கத்தியும். அதே இரவில் சுற்றியிருந்த வேறு குடியிருப்புகளிலும் கொலை நடந்தது. இறந்தவர்களின் எண்ணிக்கை 80 என்பதிலிருந்து 250 வரை சொல்லப்படுகிறது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. செய்தவர்கள் யாரென்று ஊருக்குத் தெரியும். ஊர் வாய் திறக்கவில்லை.

வாய் திறந்தவன் ஒரு பையன். யூனியனில் ‘நார்தர்ன் கலிபோர்னியன்’ என்ற வாரப் பத்திரிகையில் அச்சுக் கோக்கும் வேலையும் உதவி ஆசிரியர் வேலையும் பார்த்த பிரெட் ஹார்ட். ஆசிரியர் வெளியூர் போயிருந்ததால் அந்த வாரம் பத்திரிகை அவன் கையில். பிப்ரவரி 29ஆம் தேதி இதழில், தான் பார்த்த உடல்களை, பிளந்த குழந்தைத் தலைகளை மழுப்பாமல் எழுதினான். தலைப்பிலேயே அதைப் படுகொலை என்றான். அப்போது அவனுக்கு 23 வயது.

என் 23ஆம் வயதை நினைத்துப் பார்த்தேன். கல்லூரி முடித்து, வேலையில் சேர்ந்து, புராஜெக்ட் கிடைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் தப்பாகப் போட்ட கணக்கை மீட்டிங்கில் சுட்டிக்காட்டலாமா என்று மூன்று நாள் யோசித்து, கடைசியில் விட்டுவிட்டேன். அதைச் சொல்லியிருந்தால் என்ன போயிருக்கும்? ஒரு அப்ரைசல்.

ஹார்ட்டுக்கு மிரட்டல் வந்ததாகச் சொல்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் கப்பலேறி சான் பிரான்சிஸ்கோ போய்விட்டான். கதையை இங்கேயே முடித்தால் அழகாக இருக்கும்: ஊர் ஊமையானபோது எழுத்தாளன் பேசினான், எழுத்து வென்றது. எனக்கும் அப்படி முடிக்க ஆசைதான். ஆனால் எழுத்து வெல்லவில்லை. அந்தத் தலையங்கத்தால் ஒருவன்கூடக் கைதாகவில்லை. தீவு வேறொருவரின் சொத்தானது. கரைகட்டி மாடு மேய்த்தார்கள். பிறகு கிளிஞ்சல் மேட்டின் மேலேயே படகு பழுதுபார்க்கும் பட்டறை வந்து, நூறு ஆண்டுக்கு மேல் பெயின்டும் நச்சு ரசாயனமும் மண்ணில் இறங்கின.

ஹார்ட் பிற்பாடு பெரிய எழுத்தாளரானார். 1870ல் சீனத் தொழிலாளர்கள் மீதான வெறுப்பைக் கேலி செய்து ஒரு கவிதை எழுதினார். நாடெங்கும் பிரபலமானது. ஆனால் கேலியைப் புரிந்துகொள்ளாமல், அல்லது புரிந்துகொள்ள விரும்பாமல், சீனர்களை வெறுத்தவர்களே அதை எடுத்து ஆயுதமாக்கிக்கொண்டார்கள். 1885 பிப்ரவரியில் யுரேகாவில் நகர மன்ற உறுப்பினர் ஒருவர் குறிதவறிய குண்டுக்குப் பலியானதும், கூட்டம் திரண்டு 300க்கும் மேற்பட்ட சீனர்களை மறுநாளே இரண்டு கப்பல்களில் ஏற்றி அனுப்பியது. இருபத்தைந்து ஆண்டுக்கு முன் அந்தத் தலையங்கத்தைப் படித்தவர்களில் சிலராவது அந்தத் துறைமுகத்தில் நின்றிருக்க வாய்ப்புண்டு.

“மரத்தப் பாக்க வந்துட்டு செல்லையே பாத்துட்டிருக்க. எந்திரிடா” என்று நண்பன் கையைப் பிடித்து இழுத்தான். போனோம்.

ஆர்கேட்டாவின் நகரக் காடு கல்லூரிக்குப் பின்னாலேயே தொடங்குகிறது. உள்ளே போனதும் ஒலி அடங்கிவிடுகிறது. அங்கே நிற்பவை பெரும்பாலும் இரண்டாம் தலைமுறை மரங்கள். முதல் தலைமுறையின் அடிக்கட்டைகள் நடுநடுவே ஒரு சிறிய அறை அளவுக்கு இருக்கின்றன. கட்டைகளில் கண்குழி போல வெட்டுகள். மரம் வெட்டுபவர்கள் பலகையைச் செருகி ஏறி நின்ற இடம். ரெட்வுட் எளிதில் உளுக்காது. சான் பிரான்சிஸ்கோவின் பழைய மர வீடுகள் பலவும் இதில் கட்டியவைதான். ஏறக்குறைய 20 லட்சம் ஏக்கர் இருந்த பழங்காட்டில் இன்று மிஞ்சியது ஐந்து சதவீதம்.

அந்த ஐந்து சதவீதம் மிஞ்சியதற்கும் காரணம் இருக்கிறது. 1918ல் ரெட்வுட் மரங்களைக் காக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். பணம் திரட்டி, தோப்பு தோப்பாக வாங்கி, பூங்காக்கள் ஆக்கினார்கள். நல்ல காரியம், அது இல்லாவிட்டால் நாங்கள் 450 கிலோமீட்டர் வந்திருக்கவே மாட்டோம். அதன் நிறுவனர்களில் ஒருவர் மாடிசன் கிராண்ட். 1916ல் வட ஐரோப்பிய இனமே உயர்ந்தது, மற்றவர்கள் கலந்தால் அது அழியும் என்று புத்தகம் எழுதியவர். பின்னாளில் நாஜிகள் எடுத்தாண்ட புத்தகம் அது. மரங்களில் அவர் பார்த்ததும் ஒரு தூய, பழைய குலத்தைத்தானோ என்று தோன்றுகிறது. இங்கிருந்து வடக்கே ஒரு மாநிலப் பூங்காவில் இருந்த அவருடைய நினைவுச் சின்னத்தையும் 2021ல் எடுத்துவிட்டார்கள்.

மரங்களுக்காகப் பணம் திரட்டத் தொடங்கியது 1918ல். துலுவாட் தீவில் ஒன்றரை ஏக்கரை வாங்க 2000 வரை ஆனது. அதையும் வாங்கியது கொன்றவர்களின் ஊர் அல்ல, கொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்.

அன்று உயிர் தப்பியவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அந்தக் குழந்தையின் வழிவந்த பெண்கள் 1992ல், ஆண்டுதோறும் பிப்ரவரியில் மெழுகுவர்த்தி ஏற்றி நிற்பதைத் தொடங்கினார்கள். ஊர்க்காரர்களும் வந்து நின்றார்கள். பிறகு நன்கொடை சேர்த்து 1,06,000 டாலருக்கு அந்த ஒன்றரை ஏக்கரை, பட்டறையின் நச்சோடு சேர்த்தே, வாங்கினார்கள். பல ஆண்டுகள் மண்ணைச் சுத்தம் செய்தார்கள். 2004ல் யுரேகா நகராட்சி இன்னும் சுமார் 40 ஏக்கரைக் கொடுத்தது. 2014 மார்ச்சில், 1860ல் பாதியில் நின்ற நடனத்தை அதே தீவில் ஆடி முடித்தார்கள். 154 ஆண்டு இடைவெளி. 2019 அக்டோபரில் நகராட்சி தன்னிடம் மிச்சமிருந்த 200 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மெக்கின்லி இறங்கிய அதே ஆண்டு. கலிபோர்னிய ஆளுநர் நடந்ததை இனப்படுகொலை என்று பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டதும் அதே ஆண்டு ஜூனில்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வியாட் மொழியைத் தாய்மொழியாகச் சரளமாகப் பேசிய கடைசி மனுஷி 1962லேயே இறந்துவிட்டார். இன்று கற்பவர்கள் அகராதியிலும் பழைய ஒலிப்பதிவிலும் இருந்து கற்கிறார்கள். அதைத் திருப்பிக் கொடுக்க எந்த நகராட்சியாலும் முடியாது.

அப்படியானால் அந்தப் பையன் எழுதியது வீணா? கட்டைமேல் உட்கார்ந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஹார்ட் நிலத்தை மீட்கவில்லை, நியாயம் வாங்கித் தரவில்லை, தன் வேலையைக்கூடக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ‘தொல்லை’ என்று பலகையில் எழுதிய ஊரில், படுகொலை என்று எழுதிய ஒரு தாளும் இருந்தது, அதுவும் ஊரின் சொந்த அச்சகத்திலிருந்து, நடந்த மூன்றாம் நாளே. ‘அந்தக் காலத்தில் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை’ என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எழுத்து செய்தது அவ்வளவுதான். மிச்சத்தை எல்லாம் மெழுகுவர்த்தியும், உண்டியலும், மண்வெட்டியும் எடுத்தவர்கள் செய்தார்கள்.

ரெட்வுட் வெட்டிய கட்டையிலிருந்தே துளிர்க்கும். செத்த கட்டையைச் சுற்றி அதன் வேரிலிருந்தே புதிய மரங்கள் வட்டமாக எழுந்து நிற்கும். நண்பன் அந்த வட்டத்துக்குள் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான். கட்டை அப்படியேதான் இருக்கிறது. அதைச் சுற்றித்தான் எல்லாம் வளர்ந்திருக்கிறது.

ஞாயிறு மதியம் அதே 255இல் திரும்பினோம். பாலம் வந்ததும் பாட்டை நிறுத்தினேன். நண்பன் விழித்துக்கொண்டு “என்னாச்சு?” என்றான். காட்டினேன். சேறு, புல், கொக்குகள். பாலத்தில் வண்டியை நிறுத்த முடியாது. அவன் கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தான், யுரேகாவின் முதல் சிக்னல் வரைக்கும்.

“போகும்போது ஏன்டா சொல்லல?” என்றான்.

“அப்ப எனக்கே தெரியாதுடா” என்றேன்.