தரிசு யாருடையது?

நில அபகரிப்பு பெரும்பாலும் ஒரு சொல்லில் தொடங்குகிறது. அமெரிக்கக் குடியேறிகள் மேற்கு நோக்கிப் பரவியபோது, அந்நிலங்களை வெற்றிடம் என்றனர். கண்டம் முழுவதும் தம்மவர் பரவுவது இறைநியதி என 1845இல் நியூயார்க் இதழொன்று எழுதிற்று. பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அகற்றும் சட்டமோ 1830இலேயே நிறைவேறியிருந்தது.

நம் குமரி மாவட்டத்து மலைகளும் இதற்கு விலக்கல்ல. பேச்சிப்பாறையைச் சூழ்ந்த காடுகளில் காணி மக்கள் இடம் மாற்றிப் பயிரிட்டு வாழ்ந்தனர். விளைந்த நிலத்தை வளம் மீளும்வரை விட்டுவைப்பது அவர்கள் வழக்கம். அத்தகைய நிலம் அரசின் பார்வையில் உரிமையாளரற்றது. 1860களில் அசம்பு மலையில் ஐரோப்பியரின் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1893இல் திருவிதாங்கூர் வனச் சட்டம் காடுகளின் மீது அரசின் பிடியை இறுக்கிற்று. பழங்குடியினருக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

தரிசை உயிர்ப்பித்தவருக்கு அதில் உரிமையுண்டு என்கிறது இஸ்லாமியச் சட்டம். ஆனால் அதில் பிறர் உரிமை இருத்தலாகாது. ஒரு சாண் நிலத்தையும் அநியாயமாகப் பறிப்பதை நபி (ஸல்) அவர்கள் வன்மையாக எச்சரித்துள்ளார்கள். ஆகவே, நிலம் வாங்கும்போது பத்திரத்தை ஆராயும் நாம், அங்கு முன்பு வாழ்ந்தோர் யாவர், எவ்வாறு நீங்கினர் என்பதையும் கேட்டறியக் கடமைப்பட்டுள்ளோம்.