மணி அடித்த நேரமும் எழுதி வைத்த நேரமும்

பதிவு கொஞ்சம் நீளம். காப்பி குடித்துக்கொண்டே படியுங்கள்.

கட்டபொம்மன் பாடம் நடத்தும்போதெல்லாம் மணி மண்டபக் கதையைச் சொல்வேன், நினைவிருக்கும். திருச்செந்தூரில் உச்சிக்காலப் பூசை முடிந்து மணி அடிக்கும். அந்த ஓசையைக் கேட்டு அடுத்த மண்டபத்தில் இருப்பவர் தன் மணியை அடிப்பார். அதைக் கேட்டு அதற்கடுத்தவர் அடிப்பார். இப்படியே பாஞ்சாலங்குறிச்சி வரை மணியோசை போய்ச் சேர்ந்த பிறகுதான் கட்டபொம்மன் சாப்பிட உட்காருவார் என்பது நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

ஒரு வருஷம் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், அங்க மணி கேக்கும்போது இங்க பூசை முடிஞ்சு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?" என்று கேட்டாள். "உடனேதான் கேக்கும், உட்காரு" என்று சொல்லிவிட்டேன். அது தவறான விடை. சரியான விடையைத் தேடிப் போனபோது ஒரு பெரிய வரலாறே கிடைத்தது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். திருச்செந்தூரிலிருந்து பாஞ்சாலங்குறிச்சி நேர்க்கோட்டில் சுமார் 50 கிலோமீட்டர். ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். ஆகவே காற்றில் வருவதற்கே ஏறக்குறைய இரண்டரை நிமிடம். இதோடு முடியவில்லை. ஒவ்வொரு மண்டபத்திலும் ஆள் காதில் வாங்கி, எழுந்து, கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். வழியில் பத்து மண்டபம், ஆளுக்கு ஐந்து நொடி என்று வைத்தால் இன்னும் 50 நொடி. ஒலியின் தாமதத்தைக் கணக்குப் போட்டுக் கழித்துவிடலாம். ஆள் செய்யும் தாமதம் ஒரு நாள் இரண்டு நொடி, மறுநாள் பத்து நொடி. அதைக் கழிக்க முடியாது. இந்தச் சிக்கல்தான் இன்று வரை தொடர்கிறது.

1792-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் கட்டினார்கள். அதன் கருங்கல் தூண் தமிழ் எழுத்துகளோடு இன்றும் அங்கே நிற்கிறது. 1802-ல் ஜான் கோல்டிங்ஹாம் என்பவர் சென்னை நேரத்தை கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது என்று வகுத்தார். பின்னாளில் ரயில்வே முழுவதும் அந்தச் சென்னை நேரத்தைப் பின்பற்றியது. மணி மண்டபத்துக்குப் பதில் தந்திக் கம்பி வந்தது. நம் தூத்துக்குடிக்கு 1876-ல் ரயில் வந்தபோது சென்னைக் கடிகாரமும் கூடவே வந்தது என்று சொல்லலாம். சூரியனை வைத்துப் பார்த்தால் திருச்செந்தூர் அந்தக் கடிகாரத்துக்கு ஏறக்குறைய 9 நிமிடம் பின்னால். 1906 ஜனவரி 1 முதல் இந்தியப் பொதுநேரம் வந்ததும் அந்த வித்தியாசம் 17 நிமிடத்துக்கு மேல் ஆனது. கடிகாரத்தில் 12 அடித்தாலும் நம் ஊரில் உச்சி வெயிலுக்குச் சராசரியாக இன்னும் கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது.

அடுத்தது கணினிகளின் காலம். அமெரிக்காவில் டேவிட் மில்ஸ் என்ற பேராசிரியர் 1985-ல் என்.டி.பி. என்ற முறையை வெளியிட்டார். உங்கள் கம்ப்யூட்டரும் செல்போனும் இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்வது பெரும்பாலும் அந்த வழியில்தான். யோசனை எளிமையானது. நான் கடிதம் அனுப்பிய நேரம், நீங்கள் வாங்கிய நேரம், நீங்கள் பதில் அனுப்பிய நேரம், நான் வாங்கிய நேரம் என்று நான்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். போய்வர ஆன மொத்த நேரத்தில் உங்களிடம் கடிதம் இருந்த நேரத்தைக் கழித்து, மீதியைப் பாதியாக்கினால் ஒருவழிப் பயணத்தின் தாமதம் தெரிந்துவிடும்.

ஆனால் அந்த நான்கு நேரங்களையும் எங்கே நின்று குறிக்கிறோம்?

கந்த சஷ்டிக்கு என் தம்பி மகன் வந்திருந்தான். மின் துணைநிலையங்களுக்குக் கணினி வலையமைப்பு போடும் வேலை. திண்ணையில் மடிக்கணினியும் கையுமாக இருந்தான். "என்னய்யா, திருவிழாவுக்கு வந்தும் வேலையா?" என்றேன். "அத்தை, ரெண்டு மிஷினு. ஒரே நேரம் காட்டணும். ஒரு மைக்ரோ செகண்டுக்குள்ள நிக்கணும், இது அம்பது மைக்ரோ செகண்டு ஆடுது" என்றான். கேபிளை மாற்றிப் பார்த்தாகிவிட்டதாம், சுவிட்சையும் மாற்றியாகிவிட்டதாம். கடைசியில் நெட்வொர்க் கார்டிடமே ஒரு கட்டளையால் கேட்டான்: செய்தி உள்ளே வரும் நொடியை உன்னாலேயே குறிக்க முடியுமா? முடியாது என்று பதில் வந்தது. உண்மையில் கார்டின் சிப்பில் அந்த வசதி இருந்தது. கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நிற்கும் டிரைவர் என்ற மென்பொருள் பழையது. அதற்கு அந்த வசதி இருப்பதே தெரியவில்லை. புது டிரைவர் போட்டதும் ஆட்டம் அடங்கிவிட்டது.

எனக்குப் புரியும்படி அவன் சொன்னது இது. செய்தி வாசலில் வந்து நிற்கிறது. கம்ப்யூட்டர் வேறு வேலையை முடித்துவிட்டு வந்து "இப்போதுதான் வந்தது" என்று எழுதுகிறது. அந்த இடைவெளி ஒவ்வொரு தடவையும் வேறுபடும். வாசலிலேயே முத்திரை குத்தினால் இந்தக் குழப்பம் இல்லை. 2002-ல் வெளியான பி.டி.பி. என்ற தரமுறை இந்த நுணுக்கத்துக்கு வழிசெய்தது. பின்னர் 2008-ல் வந்த திருத்தத்தில், நடுவில் நிற்கும் சுவிட்ச், செய்தியைத் தான் எவ்வளவு நேரம் பிடித்து வைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வழி வந்தது. நம் மணி மண்டபத்துக்காரரால் அதைச் சொல்ல முடியவில்லை.

ஒரு மைக்ரோ செகண்டில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். 2003 ஆகஸ்ட் 14-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. எந்தக் கம்பி முதலில் அறுபட்டது என்று தேடியவர்களுக்குப் பல பதிவுகளின் நேரம் தவறாக இருந்தது பெரிய தலைவலி. சில கடிகாரங்கள் சரிபார்க்கப்படவே இல்லை. சில கணினிகள் வேலை குவிந்துபோய், நடந்ததைத் தாமதமாகப் பதிந்திருந்தன. எது முன், எது பின் என்று தெரியாவிட்டால் எது காரணம், எது விளைவு என்று எப்படிச் சொல்வது? 2012 ஜூலையில் வட இந்தியா இருண்டபோது நம் தென்னக மின்தொகுப்பு தனியாக இருந்ததால் தப்பினோம். 2013 டிசம்பர் 31 முதல் நாமும் அந்த ஒரே தொகுப்பில்தான் இருக்கிறோம்.

அன்று ராத்திரி எனக்கு என் வருகைப்பதிவேடுதான் நினைவுக்கு வந்தது. தலைமை ஆசிரியர் அறையில் வேலை முடித்து, பத்து நிமிடம் கழித்து வகுப்புக்குள் வந்து, அப்போது வாசலில் நின்றவர்களையெல்லாம் "தாமதம்" என்று எழுதிய நாட்கள் உண்டு. அவர்களில் சிலர் மணி அடிக்கும்போதே வந்து, உள்ளே போகப் பயந்து எனக்காகக் காத்து நின்றவர்கள். தாமதம் என்னுடையது, எழுதியது அவர்கள் பெயரில். அவர்களில் யாராவது இதைப் படித்தால், இந்த டீச்சரை மன்னித்துவிடுங்கள்.

அன்று கேள்வி கேட்ட மகளே, நீ எங்கிருந்தாலும் சரி, விடை இதுதான்: குறைந்தது இரண்டரை நிமிடம். அதற்கு மேல் எவ்வளவு என்பது நடுவில் நின்றவர்களைப் பொறுத்தது. இத்தனை வருஷம் தாமதமாகச் சொன்னதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

உங்கள் ஊர்ப் பக்கம் மணி மண்டப இடிபாடு பார்த்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். முருகன் அருளால் எல்லோரும் நலமாக இருங்கள்.